டிபி பார்த்து ஆளை எடை போடலாமா? போட்டோகிராபரிடம் சில கேள்விகள்

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், வரன் பார்க்கும் தளம், வேலை தேடும் தளம் என்று எங்கே போனாலும் நமக்கு முன்னால் நம் படம்தான் போய் நிற்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். புதுச்சேரியிலும் கல்யாண வேலைகள் எடுக்கிறேன். டிபி எனப்படும் இந்தப் புரொஃபைல் படம் பற்றி இரண்டு ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: அண்ணா, செல்ஃபி எடுத்தா மூக்கு பெரிசா தெரியுது. கண்ணாடியில அப்படி இல்ல. எது நிஜம்?

மூக்கு விஷயத்தில் கண்ணாடியை நம்புங்கள், தங்கச்சி. கையை நீட்டி எடுக்கும்போது போன் முகத்திலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் மூக்கு கேமராவுக்கு ரொம்பக் கிட்டே, காது எட்டத்தில். கிட்டே இருப்பது பெருத்தும் எட்ட இருப்பது சிறுத்தும் விழும். அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 5 அடியிலிருந்து எடுப்பதைவிட 12 அங்குலத்திலிருந்து எடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30% அகலமாகத் தெரியும். தோழியிடம் போனைக் கொடுத்து, ஐந்தடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டுகிறது. தினமும் அதையே பார்த்துப் பழகியதால், போட்டோவில் வரும் முகம் கொஞ்சம் அன்னியமாகப் படும். 1977-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், தங்கள் படத்தின் கண்ணாடிப் பதிப்பைத்தான் பெரும்பாலும் படத்துக்கு உரியவர்கள் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளோ நேர்ப் பதிப்பை விரும்பினார்கள். உங்களுக்குப் பிடிக்காத படம் ஊருக்குப் பிடித்திருக்கலாம்.

தேவனாம்பட்டினம், வேலை தேடும் இளைஞர்: போட்டோவைப் பார்த்த உடனே ஆளை முடிவு பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்களே, அது உண்மையா சார்?

உண்மை, தம்பி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜெனீன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் என்ற இருவர் 2006-இல் செய்த ஆய்வு இது. முன்பின் தெரியாத முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். நம்பலாமா, திறமைசாலியா, முரடா என்று அதற்குள்ளேயே மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்தபோதும் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தான் சொன்னது சரி என்ற நம்பிக்கைதான் கூடியது.

இதை மட்டும் கேட்டால் பயமாக இருக்கும். இன்னொன்றையும் கேளுங்கள். 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நெதர்லாந்தின் பிரபலங்கள் இரண்டு பேரின் படங்களை ஆளுக்கு இருபதாகக் கலந்து, மொத்தம் 40 அட்டைகளை பிரிட்டன்காரர்களிடம் கொடுத்தார்கள். ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னால், சராசரியாக ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்துவிட்டார்கள். அந்த இருவரையும் ஏற்கெனவே தெரிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கோ சிரமமே இல்லை. ஒளி, கோணம், லென்ஸ், அந்த நிமிஷத்து முகபாவம் இவை மாறினால், தெரியாதவர் கண்ணுக்கு ஒரே ஆள் பல ஆளாகிவிடுகிறார். அதே டோடொரோவ் 2014-இல் இன்னொருவரோடு சேர்ந்து, ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைப் பார்த்து ஜனங்கள் எவ்வளவு வேறுபட்ட குணங்களைச் சொல்கிறார்கள் என்றும் காட்டினார்.

ஆக, அந்தத் தீர்ப்பு உங்கள் மேல் எழுதப்பட்டதில்லை, ஒரு படத்தின் மேல் எழுதப்பட்டது. படத்தை மாற்றினால் அதுவும் மாறும். மோட்டார் பைக்கில் கறுப்புக் கண்ணாடியோடு கீழிருந்து எடுத்த படத்தை நண்பர்கள் குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு அனுப்புவதில் கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், கண்ணும் சேர்ந்து சிரிக்கட்டும்.

அதே இளைஞர்: நாலு படம் இருக்கு. எதை வைக்கிறது?

நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2017-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே தேர்ந்த படத்தைவிட, முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்குத் தேர்ந்து கொடுத்த படமே பார்ப்பவரிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கியது. அம்மாவிடமும் கேட்க வேண்டாம். அவருக்கு நாலுமே பிடிக்கும். நண்பனுடைய நண்பனிடம் காட்டுங்கள்.

நெல்லிக்குப்பம், ஒரு அம்மா: பொண்ணு மாநிறம். வரன் பார்க்கிற தளத்துல போட கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுக்கச் சொன்னா தப்பா தம்பி?

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். வருத்தம் தருவதும் இதுதான். செய்யாதீர்கள் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து நிற்கும்போது, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்க வேண்டியவள் உங்கள் பெண். கலர் ஏற்றிக் கொடுத்தவன் அங்கே இருக்கமாட்டான். அதைவிட முக்கியமானது, அவள் நிறத்தில் திருத்த ஏதோ இருக்கிறது என்று பெற்ற தாயே சொல்வதாக அவள் எடுத்துக்கொள்வாள். அந்தக் காயம் கல்யாணத்துக்குப் பிறகும் ஆறாது.

மாநிறமும் கறுப்பும் படத்தில் மங்கலாக விழுவதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். டியூப் லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழும். பளீரென்ற வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால், போன் சுவரின் வெளிச்சத்துக்குத் தக்கபடி மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அதில் முகமும் இருண்டுபோகும். காலை ஒன்பது மணிக்குள் வாசல் நிலைப்படிக்கு உட்பக்கம், வெளியே பார்த்தபடி அவளை நிறுத்துங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். கேமராவில் 'பியூட்டி' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பல போன்களில் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும், தோலை வழித்து வெளுத்துவிடும். புடவை ஆழ்ந்த நிறமாக இருந்தால் நல்லது. மாநிற முகத்தில் இந்த ஒளி விழும்போது கன்னத்திலும் நெற்றியிலும் எழும் மினுமினுப்பை எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது. இப்படி எடுத்தும் திருப்தி இல்லையென்றால் மஞ்சக்குப்பம் பக்கம் அழைத்து வாருங்கள், நானே எடுத்துத் தருகிறேன்.

கோரிமேடு, மென்பொருள் ஊழியர்: ஒயிட் டவுன்ல மஞ்சச் சுவர் முன்னாடி எடுத்த படத்துல முகம் மஞ்சக்காமாலை மாதிரி இருக்கு. ஏன்?

வெயில் பட்ட சுவர் தன் நிறத்தை முகத்தில் தெறிக்கிறது. சுவரை ஒட்டி நிற்காமல் ஆறேழு அடி முன்னால் வாருங்கள், அல்லது அந்தத் தெரு நிழலில் இருக்கும் நேரத்தில் போங்கள்.

முத்தியால்பேட்டை, எலக்ட்ரீசியன்: டிபில முருகன் படம் வச்சிருக்கேன். எடுத்துட்டு என் போட்டோவை வைக்கச் சொல்றான் பையன். சாமி படத்தை எடுக்க மனசு வரல.

எடுக்க வேண்டாம் அண்ணே. சொந்த நம்பரில் முருகன் இருக்கட்டும். தொழிலுக்குத் தனி நம்பர் வைத்து, அதில் உங்கள் முகத்தைப் போடுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணோ வயதானவரோ கதவைத் திறக்குமுன், வந்து நிற்பவர் போனில் பேசியவர்தானா என்று பார்க்க விரும்புவார்கள். சட்டையும் கையில் டெஸ்டரும் தெரிகிற படமாக இருந்தால் போதும்.

வில்லியனூர், ஆசிரியை: நான் பூ படம்தான் வச்சிருக்கேன். முகம் வைக்காதவங்க எதையோ மறைக்கிறவங்கன்னு சக ஆசிரியர் ஒருத்தர் சொல்றார்.

அவர் சொல்வது தப்பு, டீச்சர். முகத்தைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். பூ வைத்ததற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முகம் வைக்க உங்களுக்கே ஆசையிருந்து, பயம் மட்டும்தான் தடையென்றால், வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய் புரொஃபைல் போட்டோவை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ஃபேஸ்புக்கில் 2017-இல் நம் நாட்டுப் பெண்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த 'புரொஃபைல் பிக்சர் கார்ட்' மற்றவர்கள் படத்தை இறக்கிக்கொள்வதைத் தடுக்கும். முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன், இன்னொரு போனை வைத்துத் திரையைப் படமெடுக்கலாம். யாராவது உங்கள் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்தால், அழிக்கச் சொல்லும் முன்பே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தக் கணக்கின் லிங்கும் எடுத்து வையுங்கள். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆள்மாறாட்டத்துக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

நெய்வேலி, ஓய்வு பெற்றவர்: என் பழைய மேலதிகாரி படத்தோட ஒரு நம்பர்ல இருந்து அவசரமா பணம் கேட்டு மெசேஜ் வந்தது. படம் அவருதுதான். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் ஐயா. அவர் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து எந்த நம்பரிலும் வைக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவருடைய பழைய நம்பருக்கு அழைத்துப் பேசுங்கள். காக்கிச் சட்டை டிபியோடு வந்து மிரட்டினாலும் இதே கதைதான். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்): அப்பா இறந்து மூணு வருஷமாச்சு. அவர் படம்தான் என் டிபி. மாத்தச் சொல்றாங்க.

உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மாற்றுங்கள். தோன்றாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, சிறு நிறுவனம் நடத்துபவர்: ஆள் எடுக்கும்போது முதல்ல டிபியைப் பார்ப்பேன். முகம் பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும்னு என் அனுபவம்.

தெரிந்ததாகத் தோன்றும், சார். 2005-இல் டோடொரோவ் குழு அமெரிக்க செனட் தேர்தல் வேட்பாளர்களின் படங்களை அவர்களைத் தெரியாதவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டது. அவர்கள் கைகாட்டிய முகமே பத்துக்கு ஏழு தொகுதிகளில் ஜெயித்திருந்தது. ஜெயித்தவர் திறமைசாலி என்று அதற்கு அர்த்தமில்லை. வாக்காளரும் நம்மைப் போலவே முகத்தைப் பார்த்து ஏமாறலாம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: நீங்கள் முகம் பார்த்து ஒதுக்கியவர் எப்படி வேலை செய்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியவே வராது. அதனால் கணிப்பு எப்போதும் சரியாகவே இருந்ததாகத் தோன்றும். நல்ல போனும் நல்ல வெளிச்சமும் இல்லாத வீட்டுப் பையன் இதில் அடிபடுகிறான். விண்ணப்பத்தைப் படம் இல்லாமல் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள், நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், வெல்டர் என்றால் ஒரு வெல்டிங் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.