விண்ணப்பக் கடிதத்தில் பெரிய எழுத்தும் கமாவும்

கேள்வி: வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதும்போது எந்தச் சொல்லைக் கேபிட்டல் எழுத்தில் தொடங்குவது, கமாவை எங்கே இடுவது என்று ஒவ்வொரு வரியிலும் தடுமாறுகிறேன். அடிப்படை விதிகளை விளக்க முடியுமா?

பதில்: தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாததால், முக்கியமாகத் தோன்றும் சொற்களையெல்லாம் கேபிட்டலில் தொடங்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உள்ளது. ஆங்கிலத்திலோ கேபிட்டல் எழுத்து மரியாதையைக் காட்டுவதற்கு உரியதன்று. வாக்கியத்தின் தொடக்கத்தையும் பெயர்களையும் அடையாளம் காட்டவே அது பயன்படுகிறது. தன்னைக் குறிக்கும் 'ஐ' மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான். 'மேனேஜர்' என்ற சொல் ஒருவருடைய பெயருக்கு முன்னால் பட்டமாக வந்தால் பெரிய எழுத்தில் தொடங்கும். 'நான் மேனேஜரைச் சந்தித்தேன்' என்பது போன்ற இடத்தில் சிறிய எழுத்தே போதும். கிழமை, மாதப் பெயர்களுக்குக் கேபிட்டல் உண்டு, 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்களுக்கு இல்லை. நீங்கள் படித்த பாடங்களை எழுதும்போது இன்னும் கவனம் தேவை: மொழிப் பெயர்களான 'இங்கிலீஷ்', 'தமிழ்' இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், 'காமர்ஸ்', 'பிசிக்ஸ்' பொதுவாகப் பேசப்படும்போது சிறிய எழுத்தில்தான் தொடங்கும்.

கமாவில்தான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்குகின்றன. 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022, ஐ ஆம் நவ் வொர்க்கிங் இன் மதுரை' என்று எழுதுகிறோம். 'படித்து முடித்து, மதுரைக்கு வந்து, வேலையில் சேர்ந்து' என்று வினையெச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரே வினைமுற்றால் முடிக்கும் தமிழ் நடைக்கு அந்தக் கமா இயல்பாகவே தோன்றும். ஆனால் அந்த ஆங்கில வரியின் இரு பகுதிகளுக்கும் தனித்தனி எழுவாயும் வினைமுற்றும் இருப்பதால், அவை இரண்டு முழு வாக்கியங்கள். அவற்றைக் கமா மட்டும் இணைக்க இயலாது. நடுவில் முற்றுப்புள்ளி வைத்து அடுத்த சொல்லைக் கேபிட்டலில் தொடங்கலாம், அரைப்புள்ளி இடலாம், அல்லது கமாவுக்குப் பின் 'அண்ட்' சேர்க்கலாம். விண்ணப்பத்துக்கு முற்றுப்புள்ளியே சிறந்தது என்பது என் கருத்து.

பட்டியலின் கடைசி 'அண்ட்' அல்லது 'ஆர்' என்பதற்கு முன் கமா தேவையா என்பது வழக்கத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் இடுகின்றன. எனினும் பொருள் மயங்கும் இடத்தில் இட்டுவிடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பெறாத பணிகளைப் பட்டியலிட்ட சட்டத்தில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று கமா இன்றி இருந்தது. விநியோகத்துக்காகப் பொதி கட்டுவதுதான் விலக்கப்பட்டது, விநியோகம் விலக்கப்படவில்லை என்று பால் நிறுவன ஓட்டுநர்கள் வாதாடினர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் தர இசைந்தது.

கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் முன்னால் இடைவெளி விடாதீர்கள். பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்த கடிதங்களில் இது அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. இறுதியில் வரும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் முதல் சொல் மட்டுமே கேபிட்டலில் தொடங்கும். 'யுவர்ஸ்' என்பதில் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது.