கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மையில் மிகப் பலமான சூப்பர் பவர் எது?

எந்தப் பொருளையும் தொடாமல், நினைத்த திசையில் 1 மி.மீ. வரை நகர்த்துவது. பறப்பதையும் மாயமாய் மறைவதையும் விட்டுவிட்டு இதையே கேட்டு வாங்குவேன்.

"வரை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "சரியாக 1 மி.மீ." என்று கேட்டுவிட்டால் பாதி பயன் போச்சு. ஒரு சிலிண்டர் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் 5 அல்லது 6 பின்கள், அதாவது சிறு உலோகக் குச்சிகள். ஒவ்வொன்றும் மேல்துண்டு, கீழ்த்துண்டு என இரண்டாக இருக்கும். எல்லாப் பின்களிலும் அந்த இரு துண்டும் சேரும் இடம், சாவி நுழையும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால்தான் உருளை சுழலும். சற்றுக் கூடுதலாகத் தூக்கினால் கீழ்த்துண்டே விளிம்பைத் தாண்டி நின்று உருளையைப் பிடித்துக்கொள்ளும். இதைவிடச் சின்ன அளவும் முக்கியமாகலாம்: 1990-ல் ஏவிய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 1 மி.மீ.யில் ஏறத்தாழ 450-ல் ஒரு பங்கு! அதற்கே படங்கள் மங்கின. 1993-ல் வீரர்கள் விண்வெளிக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்து, எத்தனை முறை செய்யலாம் என்பது. நொடிக்கு 1000 முறை முடிந்தால் அது நொடிக்கு 1 மீட்டர் வேகம். 100 கிலோ எடையை அப்படித் தூக்கிக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 1 கிலோவாட், எரிபொருளே இல்லாமல். ஆற்றல் அழிவின்மை விதியே உடைந்துவிடும்.

ஆனால் எனக்கு முக்கியம் சிறுநீரகக் கல்தான். கல் கீறுவதால் வலி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அடைபட்ட சிறுநீர் பின்னால் தேங்கி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயையும் சிறுநீரகத்தையும் விரிப்பதால் வருகிற வலி அது. ஆகவே ஸ்கேனில் பார்த்தபடி முதலில் கல்லை மேல்நோக்கி, அகலமான இடத்துக்குத் தள்ளுங்கள். தேங்கியது வடியும், வலி அடங்கும். பிறகு கீழே. குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ., அதிகம் போனால் 300 நகர்வு. வளைவில் திசை மாற்றாமல் தள்ளினால் சுவர் கிழிந்து, சிறுநீர் சுற்றியுள்ள திசுவில் கசியும். மிகக் குறுகலான இடம் கடைசியில், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் வாயில், அங்கே 0.1 மி.மீ. வீதம், நிறுத்தி நிறுத்தித்தான். பைக்குள் விழுந்துவிட்டால் அதற்கப்பால் பாதை அகலம்; சின்னக் கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்.