குதிகால் ஏன் இவ்வளவு முக்கியம்?

பாதத்தின் பின்முனையில் உருண்டையாக இருப்பதுதான் குதிகால். பாதத்தின் 26 எலும்புகளில் மிகப் பெரியது இங்கேதான் இருக்கிறது. நடக்கும்போது பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவதும் இதுவே. அந்த அதிர்வைத் தாங்க, எலும்புக்கு அடியில் ஒரு கொழுப்பு மெத்தை, சின்னச் சின்ன அறைகளாக. பஞ்சு ஒதுங்காமலிருக்க மெத்தையில் இடையிடையே தையல் போடுவார்களே, அதே உத்தி!

பின்பக்கம் கெண்டைக்கால் தசைநாண் ஒட்டியிருக்கிறது. அது இழுத்தால் குதிகால் எழும்பும், உடல் முன்னே போகும். அடியில் தொடங்கும் ஒரு பட்டை விரல்கள் வரை ஓடி உள்வளைவைத் தாங்குகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே சுருக்கென்று குத்தினால், பெரும்பாலும் காரணம் இந்தப் பட்டைதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல நீட்டியிருந்தால் 'இதுதான் குத்துது' என்பார்கள். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.