டவர் பயமும் செல்போனும்: சில கேள்விகள், சில பதில்கள்

செல்போன் டவர் கதிர்வீச்சை அளக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மும்பைத் தமிழர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

மாட்டுங்கா வாசகி: எங்கள் சொசைட்டி மொட்டை மாடியில் டவர் வைக்க வாடகை பேசுகிறார்கள். மேல்தளத்தில் இருக்கும் எங்களுக்குத்தானே ஆபத்து அதிகம்?

விளக்கடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும், அம்மா. ஆன்டெனா தன் அலைகளைச் சற்றே கீழே சாய்த்து முன்புறமாக அனுப்புவதால், நேர் அடியில் உள்ள உங்கள் வீட்டைவிட, எதிரே அதே உயரத்தில் ஜன்னல் உள்ள வீட்டில்தான் அளவு கூடுதலாக இருக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்த பன்னாட்டு வரம்பை, 2012 செப்டம்பரில் இந்தியா தனக்கெனப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டது. முலுண்டில் ஒருமுறை எட்டாவது மாடி ஜன்னலில், எதிரே டவர் தெரிய, மீட்டரை நீட்டிக்கொண்டு நின்றேன். எண்கள் அந்தக் குறைந்த வரம்பைக்கூட நெருங்கவில்லை. நம்பாமல் தோளருகே நின்று எட்டிப் பார்த்த வீட்டுக்காரரின் சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது, மீட்டர் தாவியது. தூரம் இரட்டிப்பானால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகிவிடும். டவர் தெருவுக்கு அப்பால் நிற்கிறது, செல்போனோ தோலை ஒட்டி இருக்கிறது.

செம்பூர் வாசகர்: கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டலாமா, சார்?

ஒட்டாதீர்கள். அலையைத் தடுக்காவிட்டால் காசு வீண். தடுத்தாலோ, டவருக்குக் கேட்கவில்லை என்று செல்போன் இன்னும் உரக்கக் கத்தும். லிஃப்டுக்குள் பேசும்போது நடப்பதும் அதுதான்.

தாராவி மாணவர்: புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதே?

அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இதை 2பி பிரிவில், அதாவது 'வரக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. ஆசிய முறை ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பட்டியலில் உள்ளன. அந்நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்து, 2024இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

சயான் கோலிவாடா வாசகி: மாவடுவையும் நார்த்தங்காயையும் டவரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறிப்பு கிழக்காசிய முறையில் புளிக்கவைத்த காய்கறிகளைப் பற்றியது. உங்கள் ஜாடிக்கு ஆபத்தில்லை.

அதே வாசகி: அப்படியானால் அந்தப் பட்டியலே பயனற்றதுதானே?

இல்லை, அம்மா. சாட்சி எவ்வளவு உறுதி என்பது வேறு, குற்றம் எவ்வளவு பெரிது என்பது வேறு. பட்டியல் முதலாவதை மட்டுமே சொல்கிறது. சிகரெட்டும் பதப்படுத்திய இறைச்சியும், சாட்சி உறுதியான முதல் பிரிவில் ஒன்றாக இருப்பதால், இரண்டின் தீங்கும் சமமாகிவிடாது. 2011இன் ஐயத்துக்கு அடிப்படையாக இருந்த ஆய்வுகள் பல, மூளைக் கட்டி வந்தவரிடம் 'பத்தாண்டுக்கு முன் தினமும் எத்தனை நிமிடம், எந்தக் காதில் பேசினீர்கள்' என்று கேட்டுத் தொகுத்தவை. சென்ற வாரம் பேசியதே எனக்கு நினைவில்லை. நோயுற்றவர் காரணம் தேடி நினைவைக் கிளறும்போது கணக்கு கூடத்தான் செய்யும்.

பாண்டுப் வாசகர்: வீட்டருகே உயர் அழுத்த மின்கம்பி செல்கிறது.

அதன் காந்தப்புலமும் 2பி தான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குறித்த ஐயம் அது. ஆனால் மொட்டை மாடியில் இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பவரை அந்த மின்சாரம் அன்றே கொல்லும். முதலில் அதைக் கவனியுங்கள்.

மீரா ரோடு வாசகர்: ஸ்டிக்கர் அல்ல, சிப். அதை ஒட்டலாமா?

செம்பூர்க்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

தானே வாசகர்: எங்கள் மாடியில் டவர் வருகிறது. நாங்கள் மேல்தளம்...

மாட்டுங்கா அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். பிறகும் ஐயமிருந்தால், தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி அளக்கச் சொல்லலாம்.

வாஷி வாசகர்: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம்.

இதுவரை வந்த கேள்விகளில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது இதுதான். கருவி இடப்பக்கம் இருந்தால் செல்போனைச் சட்டையின் இடப் பையில் வைக்க வேண்டாம். வலது காதில் பேசட்டும். 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஸ்டிக்கரை நம்பி அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம்.