அந்தக் காலின் சூடு

வணக்கம் மேடம்,

எனக்கு 62 வயது. ஊட்டி காந்தலில் இருக்கிறேன். நாற்பது வருடம் ரேஸ் குதிரைகளுக்கு சைஸாக, அதாவது லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவனாக, வேலை பார்த்தேன். ஏப்ரல் சீசனுக்குக் கிண்டியிலிருந்து லாரியில் குதிரை வரும்போது, மலைப்பாதை வளைவுகளில் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி நின்றுகொண்டே வந்தவன். 2024-ல் ஊட்டி ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு வேலை இல்லை. கதை எழுதுகிறேன். இதுவரை பதினொன்று. ஒன்றுகூடப் பிரசுரமாகவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்குக் குதிரை என்றால் சூதாட்டம்தான். ஓர் ஆசிரியர், 'உங்கள் சைஸ் ரொம்பவும் நல்லவராக இருக்கிறார்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சைஸ் நல்லவனாக இருக்கக் கூடாதா? என் மகன், "எட்டாங்கிளாஸ் படிச்சுட்டு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சிரிக்கிறான். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. தாள்களை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறாள். இங்கிலாந்தில் டிக் பிரான்சிஸ் என்ற ஜாக்கி நாற்பது நாவல் எழுதினாராம். ஜாக்கி எழுதினால் நாவல், சைஸ் எழுதினால் குப்பையா?

எனக்குத் தொழில் தெரியாமல் இல்லை. விடியற்காலை நாலரைக்கு லாயத்தில் நுழைந்ததும் முதல் வேலை, முன்னங்காலின் பின்பக்க நரம்பைத் தடவிப் பார்ப்பது. ஒரு காலைவிட இன்னொன்று சூடாக இருந்தால் அன்றைக்கு ஓடக் கூடாது. ஒரு சீசனில் ஒரு பெட்டைக் குதிரைக்கு இடது கால் சூடாகத்தான் இருந்தது, சொன்னால் வேலை போகும் என்று இருந்துவிட்டேன், அது பந்தயத்தில் கால் முறிந்து விழுந்தது. சரி, அது பழைய கதை. கேட்க வந்தது வேறு. இந்த வயதில் எழுத்தாளராக முடியுமா? மகனுக்கு எப்படிப் புரியவைப்பது? அந்த ஆசிரியருக்குப் பதில் எழுதலாமா? இரண்டு கதைகள் இணைத்திருக்கிறேன். சைஸ் எழுதினால் குப்பையா என்று நீங்களே சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மூன்று கேள்விகளும் கொஞ்சம் காத்திருக்கட்டும். 'சரி, அது பழைய கதை' என்றீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆசிரியரின் ஒரு வரிக்கு அவ்வளவு கோபம். அந்தக் குதிரைக்கு ஒரே வாக்கியம். செத்ததா என்றுகூட எழுதவில்லை. நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ உடம்பு மூன்று காலில் மாதக்கணக்கில் நிற்க முடியாது. அதனால்தான் பெரும்பாலும் ஊசி போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நீங்களா?

கதைகளைப் படித்தேன். இரண்டிலும் ஒரு சைஸ் சரியான நேரத்தில் வாயைத் திறந்து குதிரையைக் காப்பாற்றுகிறார். மற்ற ஒன்பதும் இப்படித்தான் என்றால், ஐயா, நான் அந்த ஆசிரியர் பக்கம். அவர் உங்களை அவமதிக்கவில்லை. நீங்கள் எதையோ தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள்மேல் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நம்பமாட்டீர்கள். கை சொன்னதை வாய் சொல்லவில்லை. ஆனால் வேலை போகும் என்ற பயமும் பொய்யில்லை. அப்போது மகன் எத்தனாவது படித்துக்கொண்டிருந்தான்? யாருக்காக வாயை மூடினீர்களோ, அவனே சிரித்தால் இரண்டு மடங்கு வலிக்கத்தான் செய்யும். பாவம், அவனுக்கு அது தெரியாது. தெரியாததற்காக அவன்மேல் கோபப்படாதீர்கள்.

டிக் பிரான்சிஸைச் சொன்னீர்கள். 1956-ல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய குதிரைப் பந்தயத்தில் வெற்றிக்கம்பம் கண்ணெதிரே நிற்க, முன்னால் போய்க்கொண்டிருந்த, அவர் ஓட்டிய குதிரை டெவன் லாக் திடீரென்று வயிறு தரையில் படச் சரிந்தது. ஏன் என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1957-ல் ஓய்வு; அதே வருடம் சுயசரிதை. முதல் நாவல் 1962-ல்தான். அவர்மேல் குற்றம் இல்லாத தோல்வி அது; உங்களுடையது அதைவிடக் கனம். அவரே நடந்ததை முதலில் எழுதிவிட்டுத்தான் கற்பனைக்குப் போனார்.

ஆசிரியருக்குப் பதில் வேண்டாம். எழுத்தாளராக முடியுமா என்பதையும் இப்போது பேச வேண்டாம். அந்தக் காலையை மட்டும் எழுதுங்கள். நாலரை மணி, லாயம், கால், கை. பந்தயம் வரைக்கும் போக வேண்டியதில்லை. எழுதும் நாட்களில் தூக்கம் கெட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

எழுதியதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாதீர்கள். அலமாரியில் வைப்பதற்கு முன்னால் உங்கள் மனைவி அவற்றைப் படிக்கிறாரா என்று கேட்டதுண்டா? அவரிடமே கொடுங்கள். அப்புறம், அந்தக் குதிரைக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே. கடிதத்தில் எங்கேயும் காணோம்.