விசில் அடித்தால் மிஸ்கிட்ட வரணும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. போன வாரம் பிளே ஸ்கூலில் தீ விபத்து ஒத்திகை என்று திடீரென சைரன் அடித்து, எல்லாப் பிள்ளைகளையும் வெளியே ஓட விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறாள். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா? – ஒரு அம்மா, திருச்சி

பதில்: தேவைதான்ம்மா. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சைரனை அலறவிட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒத்திகை இல்லை, நிஜம். 'சும்மா பழகிப் பார்க்கிறோம்' என்பதெல்லாம் அந்த வயதுக்கு எட்டாது. முதல் சில தடவை சைரனே வேண்டாம் என்பேன். காலையில் பிரேயர் முடிந்ததும் மிஸ் ஒரு விசிலைக் காட்டி, மெதுவாக ஊதி, "இந்தச் சத்தம் கேட்டா கையில இருக்கறதைக் கீழ வச்சிட்டு மிஸ்கிட்ட வரணும்" என்று சொல்லி, வந்த பிள்ளைகளைக் கட்டிக்கொண்டால் போதும், அன்றைய பாடம் அவ்வளவுதான். அடுத்த வாரம் கதவு வரை. அப்புறம் வாசல் வரை. அப்புறம் வெளியே மரத்தடி வரை. ஓட்டம் எந்த நாளிலும் கிடையாது, நடைதான்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஒரு விசிலை வாங்கி அவள் கையில் கொடுத்து அவளையே ஊதச் சொல்லுங்கள். ஊதியதும் நீங்களும் அவள் அப்பாவும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவளிடம் போய் நில்லுங்கள். சத்தம் தன் சொல்படி கேட்கிறது என்று தெரிந்தால் பயம் மெல்ல விலகும். இரண்டு நாளில் உங்களைச் சமைக்க விடமாட்டாள், அது வேறு கதை.

தேவையா என்று கேட்டதற்கு இன்னொரு பதிலும் உண்டு. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. கூரையை ஒரு தடவை மாற்றினால் வேலை முடிந்தது. ஆட்களைப் பழக்குவது மாதா மாதம் செய்ய வேண்டிய வேலை, அதனாலேயே அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கேள்வி: தனியார் நர்சரியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருக்கிறேன். வகுப்பு முதல் மாடியில். 24 பிள்ளைகளுக்கு நானும் ஒரு ஆயாவும்தான். நிஜமாகவே தீப்பிடித்தால் எப்படி இறக்குவது? – பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதலில் வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். மாடி ஏற நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்குகிற நாலு வயசுப் பிள்ளையை ஏன் மேலே வைக்க வேண்டும்?

மாற்றும் வரைக்கும், ஆயா முன்னால் போகட்டும், நீங்கள் கடைசியில் வாருங்கள். பல பள்ளிகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைகள் ஆயாவின் கையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் போவார்கள், ஆனால் இன்று யார் லீவு, யார் பாத்ரூம் போனது என்று உங்களுக்குத்தான் தெரியும். கையில் அட்டெண்டன்ஸ் நோட்டு மட்டும். பழைய நூல் சேலையை முறுக்கி முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொன்னால் ரயில் மாதிரி அழகாக வருவார்கள். ஆனால் சமதரையில் மட்டும்தான்! படியில் அதை விட்டுவிட வேண்டும், ஒன்று விழுந்தால் மொத்த ரயிலும் கவிழும். படியில் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றை வரிசை.

நான் முதன்முதலில் நடத்திய ஒத்திகையைச் சொல்கிறேன். நாலு நிமிஷத்தில் எல்லாரும் வெளியே, கரஸ்பாண்டண்ட் கைதட்டினார், எனக்கும் ஒரே பெருமை. எண்ணிப் பார்த்தால் 27. நோட்டில் 28. மேலே ஓடினால், ஒரு பையன் மேஜைக்கடியில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டும் பதில் இல்லை. பயந்தால் சின்னப் பிள்ளைகள் ஓடமாட்டார்கள், ஒளிவார்கள். அதனால் கடைசியில் வருகிறவர் மேஜைக்கடி, கதவுக்குப் பின்னால், பாத்ரூம் மூன்றையும் கண்ணால் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே ஷூ மாட்டும் கதையும் வேண்டாம், வாட்டர் பாட்டிலுக்கு அழுதாலும் பரவாயில்லை.

படிக்கட்டே புகையாக இருந்தால் இறங்காதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, பிள்ளைகளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் குரல் கொடுங்கள், 101-க்கோ 112-க்கோ அடியுங்கள். அறைக்குள் கொஞ்சம் புகை வந்துவிட்டால் பூனைக்குட்டி நடை, கையும் காலும் தரையில். புகை மேலே போகும், மூச்சு விடுகிற காற்று கீழே இருக்கும். ஆனால் கேஸ் கசிவு என்றால் இது நேர்மாறு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அங்கே தவழக் கூடாது, எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, நிமிர்ந்து நடந்து வெளியேற வேண்டும்.

கேள்வி: பேரன் ஜப்பானில் நர்சரிக்குப் போகிறான். அங்கே மாதம் தவறாமல் ஒத்திகையாம். எங்கள் தெரு அங்கன்வாடியில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. நாங்கள் சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்கள். – ஒரு தாத்தா, நாகப்பட்டினம்

பதில்: ஐயா, அங்கே மாதம் ஒரு தடவையாவது நடத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. பேரனிடம் 'ஒகஷி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தின்பண்டம் என்பான், ஆனால் அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளைக்கு அடையாளம்: தள்ளாதே, ஓடாதே, பேசாதே. நிலம் ஆடினால் பூச்சி மாதிரி சுருண்டு தலையைக் காக்கச் சொல்லித் தருவார்கள். நம் பிள்ளைகளுக்கு மரவட்டையைக் காட்டினால் ஒரு நொடியில் புரிந்துவிடும். நடக்கத் தெரியாத குழந்தைகளை முதுகில் கட்டிக்கொள்வார்கள், அல்லது ஏழெட்டுப் பேரைத் தள்ளுவண்டியில் நிறுத்தித் தள்ளிப்போவார்கள்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது அங்கே பகல் 2.46. பல நர்சரிகளில் பிள்ளைகள் தூங்குகிற நேரம். நோடா என்ற கடலோரக் கிராமத்து நர்சரியில் அந்தப் பிள்ளைகளை எழுப்பி, மாதா மாதம் நடந்து பழகிய வழியிலேயே மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். அதே நாளில் ஒகாவா தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்திலேயே நின்றார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் சுனாமியில் போய்விட்டார்கள். எந்த இடத்துக்குப் போவது என்று அவர்கள் திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

நாகையில் ஏறி நிற்க மலை கிடையாது. அதனால் உங்கள் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் எந்தக் கான்கிரீட் கட்டடத்தின் மாடி, அல்லது எந்தப் பேரிடர் மையம், அங்கே போக எத்தனை நிமிஷம் என்று ஒரு நாள் பிள்ளைகளோடு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 2004-இல் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை, அங்கன்வாடி நாள் இல்லை. இன்று ஹைதராபாத்திலிருந்து சுனாமி எச்சரிக்கை தருகிறார்கள், ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு இருபது பிள்ளைகளைத் தூக்க அங்கே இருப்பது டீச்சரும் உதவியாளரும்தான். உங்களைப் போல அக்கம்பக்கத்தில் நாலு பேர் "ஆளுக்கு இரண்டு பிள்ளை எங்கள் பொறுப்பு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த டீச்சருக்கு எவ்வளவு தெம்பு!

கேள்வி: ஜூனில் மகனை நர்சரியில் சேர்க்கிறோம். பாதுகாப்பு பற்றி என்ன கேட்பது? – ஓசூர்

பதில்: சுவரில் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருப்பதைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், அதன் தேதியையும் பாருங்கள். அப்புறம் கிரில் கேட் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று பூட்டி வைப்பது சரிதான். "மேனேஜரிடம் இருக்கிறது" என்று சொன்னால், மேனேஜர் மதியம் சாப்பிடப் போகும்போது சாவி எங்கே இருக்கும் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.