முதல் தனியாள் மலைச் சைக்கிள் பந்தயம்: ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

மாற்று ஆள் இல்லாமல், மலை மண்பாதையில் சுற்றுச் சுற்றாக 6 மணி நேரமோ 12 மணி நேரமோ ஒருவரே ஓட்டி முடிக்கும் பந்தயத்துக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்தவர்கள் கேட்டவை இவை.

உச்சிப்புளியிலிருந்து: அண்ணே, நம்ம பக்கம் ஒரு மேடுகூடக் கிடையாது. ஏத்தத்துக்கு எப்படிப் பழகுறது?

மேடு இல்லைதான் தம்பி. ஆனால் காற்றும் மணலும் இருக்கின்றன. கச்சான் (மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேற்கே போகும் ஊர்ச்சாலை எதையாவது பிடியுங்கள். கனமான கியரில், சீட்டை விட்டு எழாமல், நிமிடத்துக்கு 60 முதல் 65 சுற்று வரை மிதியுங்கள். 12 நிமிடம் மிதித்து 5 நிமிடம் இளைப்பாறி, இப்படி நான்கு முறை. வாரம் இரண்டு நாள் போதும்.

காற்று மட்டும் ஏற்றத்துக்கு ஈடாகாது. எதிர்காற்றில் மிதிப்பதை ஒரு நொடி விட்டாலும் சைக்கிள் உருண்டுகொண்டே இருக்கும். செங்குத்தான மண் ஏற்றத்தில் விட்டால் அங்கேயே நின்றுவிடும். அந்த உணர்வைத் தருவது பனந்தோப்பு மணல்தடம். லேசான கியர், 80 சுற்றுக்கு மேல், ஹேண்டில்பாரை இறுக்காத கை, சற்றே பின்னால் தள்ளிய உடம்பு. 3 நிமிடம் வீதம் எட்டு முறை ஓட்டினால் தொடை சொல்லிவிடும். மிதி ஒரே சீராக விழாவிட்டால் பின்சக்கரம் புதையும். மலையிலும் சரளைக்கல்லில் வழுக்குவது இதே காரணத்தால்தான்.

பாம்பன் பாலத்தில் ஏறி இறங்கிப் பழக வேண்டாம். சரிவு மிகக் குறைவு, பேருந்துகள் நெருக்கும், பக்கக்காற்று தள்ளும். தனுஷ்கோடி கடலோர மணலும் வேண்டாம். தை தொடங்கிச் சில மாதங்களுக்கு அங்கே ஆமை முட்டையிடும். உப்புநீர் பட்ட பேரிங்கும் நாள் தாங்காது.

இறக்கத்தை மட்டும் இங்கே கற்க முடியாது. பந்தயத்துக்கு முன் இரண்டு முறையாவது திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலைச் சாலைக்குப் போய் வாருங்கள், 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போகப் பழகுங்கள். பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் பிடியிலேயே இருக்கட்டும். சமதரையில் மட்டும் ஓட்டியவருக்கு முதலில் ஓய்வது கால் அல்ல, முன்கை. காட்டுத்தடம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

ஏர்வாடியிலிருந்து: சீமைக்கருவேல முள்ளால வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். பந்தயத்துக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

டியூப்லெஸ்ஸுக்கு (உள்ளே டியூப் இல்லாத டயர்) மாறிவிடுங்கள். 29 அங்குலம், 2.25 அல்லது 2.3 அகல டயருக்கு, ஒவ்வொன்றிலும் 100 முதல் 120 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சலசலப்பு கேட்காவிட்டால் 60 மில்லி சேருங்கள்.

70 கிலோ உடம்புக்கு முன்னால் 20 பி.எஸ்.ஐ., பின்னால் 23-இல் தொடங்குங்கள். டியூப் போட்டிருந்தால் 28, 30. அதற்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும். பம்ப்புக்குப் பம்ப் அளவு மாறும். வீட்டில் பார்த்த அதே கேஜைப் பந்தயத்துக்கும் எடுத்துப் போங்கள்.

ஓடும்போது முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே வந்து சேரும். அடைபடாவிட்டால் ரப்பர் பிளக்கைக் குத்துங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து டியூப் போட வேண்டும். டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பழைய முட்கள் பத்தாவது இருக்கும். இந்த ஒரு வேலையை விட்டதால் புது டியூபும் அடுத்த நிமிடமே போவது அடிக்கடி நடக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து: பந்தயத்துல சாப்பிடுற ஜெல் பாக்கெட் வாங்கியே ஆகணுமா? கருப்பட்டி போதாதா?

போதும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 1 லிட்டர் நீரில் 50 கிராம் கருப்பட்டி, 2 கிராம் உப்பு (தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு), அரை எலுமிச்சை. கரைத்ததும் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் அடியில் தங்கும் மண் பாட்டில் மூக்கை அடைக்கும். நம் வெக்கையில் மணிக்கு 600 முதல் 800 மில்லி வரை இறங்கும், மலைக்குளிரில் குறையும். மீதிக்கு ஒரு வாழைப்பழம் 25 கிராம் தரும். சின்னப் பேரீச்சை நான்கைந்தும் ஏறக்குறைய அவ்வளவே. கடலைமிட்டாயில் கொழுப்பு உண்டு, வயிற்றில் தங்கும். முதல் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீர் குடித்தாலும் உப்பு தனியாக வேண்டும்.

பசிக்கும்வரை காத்திருக்காமல் 20-வது நிமிடமே தொடங்குங்கள். வயிறு உப்பி, எதுவும் இறங்காமல் குமட்டினால் ஒன்று வேகம் அதிகம், அல்லது கரைசல் கெட்டி. 15 நிமிடம் மெதுவாக ஓட்டி, வெறும் நீரை வாய் வாயாகக் குடியுங்கள். விரல் வீங்கி, தலை வலித்து, நீர் நிறையக் குடித்தும் குமட்டுகிறதென்றால் சோடியம் இறங்கியிருக்கலாம். அப்போது மேலும் நீர் குடிப்பது ஆபத்து; உப்பானது எதையாவது தின்னுங்கள். பேச்சு குழறினால் பந்தயத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணே), பந்தயத்துக்கு அஞ்சு வாரம் முன்னாடிதான் நோன்பு முடியுது. பயிற்சி வீணாப் போயிடுமா?

போகாது தம்பி. நீண்ட ஓட்டங்களை அந்த மாதம் விட்டுவிடுங்கள். நோன்பு திறக்க 45 நிமிடம் இருக்கும்போது மெதுவாக ஓட்டி, வீட்டு வாசலில் கஞ்சிக்கு வந்து சேரலாம். கடினமான பயிற்சி வாரம் இரண்டு, தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு, 50 நிமிடத்துக்குள். தூரம் குறைந்தாலும் அழுத்தம் குறையாவிட்டால் ஒரு மாதத்தில் பெரிதாக எதுவும் கரைந்துவிடாது. பெருநாளுக்குப் பின் 3, 4, 5 மணி நேரம் என வாரம் ஒன்றாக நீட்டி, கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறையுங்கள்.

மண்டபத்திலிருந்து: 6 மணி நேரத்துல எவ்வளவு வேகம் பிடிக்கணும்?

முதல் சுற்றில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் அது உங்கள் வேகம் அல்ல, கூட்டத்தின் வேகம். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுவதில் இழப்பு மிகச் சிறிது, கால் மிச்சமாகும்.

வேகத்தைவிட நிற்கும் நேரம்தான் முதல்முறைக்காரர்களைக் கவிழ்க்கிறது. எட்டுச் சுற்றுக்கு நடுவே ஏழு முறை, ஒவ்வொரு முறையும் 7 நிமிடம் உட்கார்ந்தால் 49 நிமிடம் போச்சு. ஒரு சுற்றே கைவிட்டுப் போகிறது. நாற்காலி போடாதீர்கள். ஒரு டப்பாவில் சுற்றுக்கு ஒரு பை வீதம் எண் எழுதி, பாட்டிலும் தீனியும் சேர்த்து வையுங்கள். எடுத்தோம், கிளம்பினோம், 90 நொடி.

தொண்டியிலிருந்து: அண்ணே, மூணு மணி நேரத்துக்கு மேல சீட்ல உட்கார முடியலை.

சீட்டை மாற்றும் முன் உயரத்தைப் பாருங்க தங்கச்சி. குதிகாலை மிதியில் வைத்தால் கீழ்நிலையில் முழங்கால் நேராக வேண்டும். சீட் கூடுதல் உயரம் என்றால் இடுப்பு இருபுறமும் ஆடி, தோல் உரசும். உயரம் சரியாக இருந்தும் வலித்தால் அகலமான சீட் தேவைப்படலாம். பேட் வைத்த ஷார்ட்ஸின் உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம். உரசும் இடத்தில் வாஸ்லின் தடவுங்கள்.

வாலிநோக்கத்திலிருந்து: செயின் பத்து நாள்ல துருப்பிடிக்குது. பந்தயத்துல அறுந்தா?

உப்பளக் காற்றுதான் காரணம். ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். செயின் எவ்வளவு தேய்ந்து நீண்டது என்று பார்க்கும் அளவுகோலில் 0.5 காட்டினால் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே மாற்றுங்கள். முந்தின நாள் மாற்றினால் தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் தாவும்.

பையில் இருக்க வேண்டியவை: அறுந்த செயினை இணைக்க உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குயிக் லிங்க் இரண்டு, செயின் கழற்றி, 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீ, டி25 நட்சத்திரமுனைக் கீ, ஒரு டியூப், பிளக், கைப்பம்ப், உங்கள் ஃபிரேமுக்கென்றே உள்ள டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமில் தாங்கும் துண்டு). கடைசியாகச் சொன்னது மாடலுக்கு மாடல் மாறும், மலையூர்க் கடையில் கிடைக்காது. கூடவே ஒரு ஜோடி பிரேக் பேட். மழைச்சேறு இருந்தால் ரெசின் பேட் ஒரே நாளில் இரும்பு வரை தேயும். மெட்டல் பேட் தாங்கும். எதுவானாலும் புதுப் பேடை வீட்டிலேயே போட்டு, வேகமெடுத்து முழுதாக நிற்காமல் இருபது முறை பிடித்துப் பதப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.